நீ ஆடிய ஆறு குழிகள்

இன்று காலைத் தபாலில் மெட்ராஸ் விளையாட்டுச் சாமான் கடையின் விலைப்பட்டியல் வந்தது. அந்தக் கடையில் நான் கடைசியாக வாங்கிப் பல வருஷமாயிற்று. இருந்தும் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் அது என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. உறையைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை. நடுப்பக்கத்தில் பளபளவென்று ஒரு வரிசை கோல்ஃப் மட்டைகள். இவற்றைக் கையில் எடுத்தால் ஒரே வாரத்தில் ஆட்டம் மாறிவிடும் என்று கீழே எழுதியிருந்தார்கள். உனக்கு வாசித்துக் காட்டலாம் என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறது. பட்டியலை மூடிவிட்டு, உனக்கு எழுதக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

திருமயத்தில் நாம் குடியிருந்த கண்மாய்க்கரை வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் அப்போது பொதுப்பணித் துறையில் உதவி இன்ஜினீயர். பாப்பாவுக்கு எட்டு மாசம். ஆபீசுக்கும் வீட்டுக்கும் வெளியே எனக்கு வேறு உலகம் இல்லாத நேரத்தில், மலேயாவில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவரை ஊரே மலேயாக்காரர் என்றுதான் சொல்லும். திருமயம் கோட்டைக்கு வடக்கே அவர் குடும்பத்துக்கு ஒன்றும் விளையாத செம்புறைப் பொட்டல் ஒன்று இருந்தது. அதில் ஆறு குழி தோண்டி, குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலில் பழைய இன்ஜின் எண்ணெயை ஊற்றிச் சமன் செய்து, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்திருந்தார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர், நான், இன்னும் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடுவோம். பொங்கல் கழிந்த ஞாயிறன்று திருச்சியிலிருந்து ஒரு கோஷ்டி வந்து எங்களுடன் போட்டி ஆடும். ஒவ்வொரு வருஷமும் நாங்கள் தோற்போம்.

என் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து கருவேலங்காட்டுக்குள் போகும். நேராக எழும்பும், பாதி தூரத்தில் ஏதோ ஞாபகம் வந்தாற்போலத் திரும்பிவிடும். நான் இன்ஜினீயர் அல்லவா, குற்றத்தைக் கருவியில் தேடினேன். முதலில் மலேயாக்காரர் கொடுத்த பழைய மரக்காம்பு மட்டையைப் பழித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். மெட்ராசிலிருந்து எஃகுக் காம்பு போட்டது ஒன்று வந்தது. பந்து வளைந்தது. அதைவிடக் கனமானது வந்தது. கனமாக வளைந்தது. நீண்ட அடிக்கான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். 'டிரைவர் சரியில்லை, மாற்ற வேண்டும்' என்று நான் டாக்டரிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு என் ஜீப் டிரைவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் உன்னிடம் வந்து கண் கலங்கியதும், நீ அவருக்குச் சோறு போட்டு விஷயத்தை விளக்கியதும் உனக்கு நினைவிருக்கும்.

அத்தனை நாளும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை. உன் அப்பா ஆவூர்க்காரர், நீலகிரியில் தோட்டத்தில் ஹெட் மாலியாக, தோட்டக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். தேயிலைத் தோட்டம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தும் எந்தத் தோட்டம் என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி நான் தனியாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாய். ஏழெட்டுப் பந்து போயிருக்கும்.

"பந்து ஏன் அங்கிட்டே போகுதுன்னு நான் சொல்லட்டுங்களா?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல் என்றேன்.

"வலது கையால ஸ்டிக்கோட கழுத்த நெரிக்கிறீங்க. அதான் பந்து மெரண்டு ஓடுது."

நான் கேலியாக மட்டையை நீட்டி, நீ அடித்துக் காட்டு என்றேன். நீ அந்தப் புது மட்டையை வாங்கவில்லை. பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய மரக்காம்பு மட்டையை எடுத்து, ஒட்டடையை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாய். செருப்பைக் கழற்றினாய். முந்தானையை இடுப்பில் செருகினாய். பந்துக்குப் பக்கத்தில் நின்ற அந்த நிமிஷத்தில் உன் தோள்களும் முதுகும் வேறு யாருடையதோ போலாயின. நான் அறிந்த பெண் அங்கே இல்லை.

முதலில் எனக்குக் கிடைத்தது சத்தம்தான். என் அடியில் எப்போதும் ஒரு 'தட்' இருக்கும். இது உலர்ந்த சுள்ளி ஒடிவதுபோலச் சுத்தமாக ஒரே ஒலி. அப்புறம்தான் பந்தைத் தேடினேன். அது எழும்பிக்கொண்டே இருந்தது. நூல் பிடித்தாற்போல நேராக, கண்மாயின் வெடித்த தரைக்கு மேலே, கருவேல மரங்களைச் சட்டை செய்யாமல் போய், உச்சியில் ஒரு கணம் நின்று யோசித்து இறங்கியது. பாப்பா என் கையில் அசையவில்லை. நானும்தான். நூற்று நாற்பது காலடி தூரம். பிறகு நடந்து அளந்தேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். பெருமையில்லை, வெட்கமும் இல்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்ட முகம். அப்போதுதான் எல்லாம் சொன்னாய். அந்தத் தோட்டம் தேயிலைத் தோட்டமில்லை, வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் மைதானம். ஆறாவது குழிக்குப் பக்கத்தில் உங்கள் வீடு. துரைசானிகளுக்கு ஆட்டம் சொல்லித்தர ஒரு வாத்தியார் இருந்தார். நீ தரையில் உட்கார்ந்து அவர்களுக்கு ஒவ்வொரு பந்தாக எடுத்து வைப்பாய். ஆறு வருஷம் அதே பாடத்தை நூறு பேருக்கு அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். யாரோ உடைத்துப் போட்ட மட்டைக்கு உன் அப்பா காம்பு போட்டுக் கொடுக்க, வீட்டுக்குப் பின்னால் சரிவில் அடித்துப் பழகினாய். மைதானத்தில் மட்டும் ஒருநாளும் கால் வைத்து ஆடியதில்லை. வேலைக்காரர்கள் ஆடக்கூடாது.

மறுநாளிலிருந்து காலையில் நீ எனக்குச் சொல்லித்தந்தாய். முதலில் என் மட்டைகளையெல்லாம் பூட்டி வைத்தாய். "ஒண்ணு போதும்" என்றாய். நான் கோணம், விசை, நெம்புகோல் என்று விளக்க ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப அடிங்க" என்பாய். பந்து கருவேலங்காட்டுக்குப் போகும். "பந்த அடிக்கப் போகாதீங்க. ஸ்டிக் போற வழியில அது இருக்கு, அம்புட்டுத்தான்" என்பாய். எனக்கு எதுவும் ஏறவில்லை. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் பாப்பாவின் தூளிக்கு முன்னால் நிறுத்தினாய்.

"தூளிய ஒருக்கா தள்ளிவிட்டா அதுவா போவும், அதுவா வரும். கூடவே கையக் கொண்டுபோய் இழுத்தீங்கன்னா புள்ள முழிச்சுக்கும்."

நான் தூளியை ஆட்டினேன். போயிற்று, வந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்று ஆட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ அணைக்கட்டுக் கணக்குப் போட்ட எனக்கு, ஒரு பாரம் தன் எடையாலேயே தன் வேலையைச் செய்யும் என்பது அன்றுதான் உடம்பில் இறங்கியது. அடுத்த நாள் ஒரு பந்து நேராகப் போயிற்று. நான் கத்தவில்லை. பயந்துபோய் உன்னைத்தான் பார்த்தேன்.

அதைவிட என்னை வாயடைக்க வைத்தது உன் காது. நீ உள்ளே அடுப்பருகில் முதுகைக் காட்டி நின்றிருப்பாய். நான் கண்மாயில் அடிப்பேன். பந்து தரையைத் தொடுமுன்னே ஜன்னல் வழியாக உன் குரல் வரும்: "வலது." இல்லாவிட்டால், "தலையத் தூக்கிட்டீங்க." ஒருதடவைகூடத் தப்பியதில்லை. இந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு நீ மூன்று வருஷம் எனக்குத் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

நாலு மாசத்தில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒருநாள் அந்த ஆறு குழியையும் ஒருதரம் ஆடிப்பார்க்க வேண்டும் என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். பெண்கள் அங்கே ஆடும் வழக்கமில்லை, மலேயாக்காரர் என்ன சொல்வாரோ என்ற தயக்கம். நீ திரும்பக் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து போட்டி வந்தது. அதற்குச் சற்று முன்புதான், நீ வேண்டாம் என்றும் கேளாமல், மெட்ராசிலிருந்து புதிதாக ஒரு செட் வரவழைத்திருந்தேன். அன்று என் பந்து ஒன்றுகூடக் காட்டுக்குள் போகவில்லை. திருச்சிக்காரர்களை முதல்முறையாக ஜெயித்தோம். என்னால்தான் ஜெயித்தோம். பந்தலில் டீ நடந்தது. மற்ற வீட்டுப் பெண்களோடு நீயும் வந்திருந்தாய், பாப்பாவோடு. திருச்சிக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, போன வருஷம் காட்டிலேயே குடியிருந்த ஆள் இந்த வருஷம் இப்படி ஆடுகிறீர்களே, யாரிடம் பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டார். பதினைந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.

"பாடமெல்லாம் இல்ல சார். மெட்ராஸ்ல இருந்து புது ஸ்டிக் வந்துச்சு. அதுதான்" என்றேன்.

நீ மூன்றடி தள்ளி நின்றிருந்தாய். கையில் டீ டம்ளர். அதை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பாப்பாவின் வாயைத் துடைத்தாய்.

மறுநாள் காலை நீ கண்மாய்க்கு வரவில்லை. கோபம் காட்டவில்லை. காபி நேரத்துக்கு வந்தது, சிரித்துப் பேசினாய், ஆவூர் சர்ச் திருவிழாவுக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று யோசனை கேட்டாய். ஜன்னலிலிருந்து குரல் மட்டும் வருவதில்லை. ஒரு வாரம் பொறுத்து, தோள் எங்கே தப்புகிறது என்று நானே வந்து கேட்டேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

"புது ஸ்டிக் இருக்குல்ல. அதுகிட்டயே கேளுங்க" என்றாய், தலை நிமிராமல்.

பந்து மறுபடி வளைய ஆரம்பித்தது. அதைவிட மோசமானது ஒன்று நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமல். டாக்டர் என் வார்த்தையை நம்பி மெட்ராசுக்கு எழுதி, அதே செட்டை வரவழைத்துவிட்டார். பாப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது மூன்று நாள் நம் வீட்டிலேயே தங்கிப் பார்த்த மனிதர். பிழைக்குமா என்று நாம் கேட்டபோது பொய் சொல்லாமல், இன்னும் தெரியாது என்று சொன்ன மனிதர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ரெண்டு மாசமா அடிக்கிறேன். ஒண்ணும் நேரா போகல. ஒங்க ஸ்டிக்ல இருக்கறது இதுல என்ன இல்ல, அதச் சொல்லுங்க. என் கையிலதான் கோளாறா?" என்றார்.

நீ காபி கொண்டு வந்து வைத்தாய். என்னை நீ பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாய். நல்ல மனிதர் ஒருவர் தெரியாத ஊரில் வழி தவறி நிற்பதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், ஸ்டிக்ல ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய். எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவதான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றார். உன் பக்கம் திரும்பி, "எனக்கும் சொல்லித் தருவீங்களாம்மா?" என்றார்.

காலையில வாங்க, ஒரு ஸ்டிக் போதும், என்றாய் நீ. அவர் போன பிறகு நான் பெரிய பாரத்தை இறக்கிவிட்டவன்போல உட்கார்ந்திருந்தேன். நீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவள் வாசற்படியில் நின்றாய்.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்க. சரி. அன்னிக்குப் பந்தல்ல இருந்தது பதினஞ்சு பேரு."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு அடுத்த பொங்கல் வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் வந்து எங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தாய். டாக்டருக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. அவருக்கு விளக்கம் சொல்லும் வியாதி இல்லை.

அடுத்த போட்டி முடிந்து பந்தலில் எல்லோரும் கூடியிருந்தபோது நான் எழுந்து நின்றேன். போன வருஷம் இதே இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன் என்று தொடங்கினேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. உன்னைக் காட்டினேன் என்பதும், என் மனைவி ஒருமுறை ஆறு குழியும் ஆட வேண்டும், அனுமதிக்க வேண்டும் என்று மலேயாக்காரரிடம் கேட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். பிறகு, ஆடட்டும், என்றார். வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்ற முகத்தோடு எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

அந்தப் பழைய மட்டை ஒன்றோடு நீ நின்றாய். செம்மண்ணில் வெறுங்கால். முதல் அடி தப்பியது. பந்தின் தலையை உரசி, அது பத்தடி உருண்டு நின்றது. யாரோ இருமினார்கள். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். இத்தனை பேர் பார்க்க நீ வாழ்நாளில் ஆடியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"தூளி" என்றேன்.

நீ மூச்சை விட்டாய். பந்து இருந்த இடத்துக்கு நடந்து போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரியாக வந்ததே இல்லை. இரண்டாவது குழியில் இருமல்கள் நின்றன. மூன்றாவதில் பேச்சு நின்றது. நாலாவது குழிக்கு அடிக்கும் மேட்டில் ஏறினால் எதிரே கோட்டை முழுதாகத் தெரியும். அங்கிருந்து நீ அடித்த பந்து கோட்டை மதிலின் பழுப்பு நிறத்துக்கு எதிரே வெள்ளைப் புள்ளியாக எழும்பி, மதிலுக்கு மேலே வானத்துக்குள் போய், நீலத்தில் கரைந்து, மறுபடி வெளிப்பட்டு, குழியிலிருந்து நாலடியில் விழுந்தது. பதினைந்து பெரிய மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். எனக்கு ஜெபம் செய்யத் தோன்றியது. கோவிலில்கூட எனக்கு அவ்வளவு சுத்தமாக அது தோன்றியதில்லை. ஆறாவது குழியில் பந்து விழுந்த சத்தம் கேட்டபோது எண்ணிப் பார்த்தால், முதல் அடி தப்பியும், அன்று ஆடிய எங்கள் எல்லோரையும்விட நீ மூன்று அடி குறைவாக அடித்து முடித்திருந்தாய்; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் இந்த ஆட்டத்தில் வெற்றி.

யாரும் கை தட்டவில்லை. தட்டினால் ஏதோ கலைந்துவிடும்போல இருந்தது. மலேயாக்காரர்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க தங்கச்சி. மூணாவது குழி எனக்குப் பிடிபட மாட்டேங்குது" என்றார். நீ சிரித்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜீப்பில் என் கையின் மேல் உன் கை இருந்தது. உள்ளங்கையில் செம்மண்.

இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் ஆடினாய். பிறகு எனக்கு மாற்றல், பிறகு இன்னொரு மாற்றல், மைதானமே இல்லாத ஊர்கள். பிறகு உன் உடம்பு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் திருமயம் போனேன். உன் உயரம் வந்துவிட்டாள். பொட்டலில் பாதிக்கு மேல் கருவேலம் மூடிவிட்டது. நாலாவது மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அவளுக்கு எல்லாம் சொன்னேன். பந்தலில் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அவள் உன்னைப் போலவே, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"பயம்" என்றேன்.

"என்ன பயம்?"

"உங்கம்மா என்னையவிடப் பெரியவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு பயம்."

அவள் கோட்டைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "தெரிஞ்சதும் என்னாச்சுப்பா?" என்றாள்.

மேட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. உன் பக்கத்தில் நிற்பவன் என்று ஊருக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் அந்த மரியாதையில்தான் நடந்தேன். இன்றும் அதிலேதான் நடக்கிறேன். நீ ஒரு வருஷம் முன்னாலேயே ஆடியிருக்கலாம், அதை நான் தடுத்தேன் என்ற ஒன்றை மட்டும் கூடவே சுமக்கிறேன். அது இறங்காது, இறங்கவும் வேண்டாம்.

பாப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "நிம்மதியா இருந்துச்சும்மா" என்றேன்.